இரண்டு பதிவேடுகள், ஓர் அட்டவணை

மாதம் பிறந்து ஏழாம் தேதி, மாலை நாலரை மணி. பிள்ளைகள் வேன் ஏறிப் போன பிறகு ஆசிரியைகள் ஒவ்வொருவராக அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள். நான் அலமாரியைத் திறந்து இரண்டு பதிவேடுகளை எடுத்து மேசையில் வைப்பேன். ஒன்று காலிகோ பைண்டு செய்த நீளமான பேரேடு. மற்றது நாற்பது பக்க நோட்டு. பேரேட்டில் பெயருக்கு நேரே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும். அதன்மேல் குறுக்காக ஒரு கையெழுத்து. அங்கே எழுதியிருக்கும் தொகை 1,400 ரூபாய். நோட்டில் இன்னொரு கையெழுத்து. அங்கே எழுதியிருப்பது 550. பழுப்புக் கவருக்குள் இருப்பதும் அந்த 550தான்.

இது 1989ஆம் ஆண்டுக் கணக்கு. பி.காம். முடித்த கையோடு 1986இல் கொங்குப் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றில் மெட்ரிக் பள்ளியில் கணக்கராகச் சேர்ந்தவன் நான். மூன்று வருடத்தில் அந்த இரண்டு பதிவேடுகளும் என் கைக்குப் பழகிவிட்டன. அந்த ஜூன் மாதம் கணக்குப் பாடத்துக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். முப்பத்துநான்கு வயது, பி.எஸ்.சி., பி.எட். முதல் சம்பளத்தன்று பேரேட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நோட்டை நீட்டியதும் சுருங்கிவிட்டது.

“ஏனுங் சார், ரெண்டு கையெழுத்து எதுக்குங்க?”

“அது இன்ஸ்பெக்‌ஷனுக்குங்க டீச்சர். இது உங்களுக்கு.”

அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடும் முன் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குட்டியாக ஒரு கழித்தல் கணக்குப் போட்டார். 850 என்று விடை எழுதி, அதன்கீழ் இரட்டைக் கோடு இழுத்தார். கரும்பலகையில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிற அதே இரட்டைக் கோடு. பிறகு இரண்டு இடத்திலும் கையெழுத்திட்டுவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பென்சில் எழுத்தை நான் அழிக்கவில்லை.

மெட்ரிகுலேஷன் பள்ளிகள் ஆய்வாளர் வரும் நாளில் அலமாரியிலிருந்து காலிகோ பேரேடு மட்டும் வெளியே வரும். அரசுப் பள்ளிச் சம்பளத்துக்கு ஈடாக, வருடத்துக்குப் பன்னிரண்டு மாதமும் பட்டுவாடா ஆனதாக அதில் இருக்கும். நோட்டில் மே மாதத்துக்குப் பக்கமே கிடையாது. ஏப்ரல் கடைசியில் எல்லோருக்கும் ஒரு ‘விடுவிப்பு’. ஜூனில் மறுபடி ஒரு ‘நியமனம்’. கோடை விடுமுறையில் அடுப்பெரிய வேண்டுமென்றால் டீச்சர்கள் டியூஷன் எடுக்க வேண்டும், இல்லை தையல் மெஷினில் உட்கார வேண்டும். அசல் சான்றிதழ்கள் தாளாளர் அறை பீரோவில் பூட்டிக் கிடந்ததால் வேறு பள்ளிக்கு மனுப் போடவும் வழியில்லை.

இன்றைக்குச் சம்பள முறை வடிவமைப்பு என்று பெரிய பெயர் சொல்கிறார்கள். அன்றைக்கும் ஒரு முறை இருந்தது. நேர்முகத் தேர்வில் தாளாளர் கேட்கும் மூன்று கேள்விகள்தான் அந்த முறை. சொந்த ஊரா? கல்யாணம் ஆகிவிட்டதா? வீட்டுக்காரர் என்ன பண்றார்? சொந்த ஊர் என்றால் வாடகைச் செலவு இல்லை, ஆகவே குறைத்துக்கொள்ளலாம். கல்யாணம் ஆகியிருந்தால் வீட்டுக்காரர் சம்பாத்தியம் இருக்கிறது, குறைத்துக்கொள்ளலாம். ஆகாவிட்டால் கல்யாணம் ஆனதும் போய்விடப்போகிற பெண், குறைத்துக்கொள்ளலாம். எந்தப் பதிலைச் சொன்னாலும் தொகை கீழேதான் இறங்கும். அதே வகுப்புக்கு அதே பாடம் எடுக்க ஓர் ஆண் வந்தால் “குடும்பஸ்தன், கட்டுப்படியாகணுமில்ல” என்று இருநூறு கூட்டுவார்கள். சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்தாயிற்று. எங்கள் பள்ளி வாசற்படியை அது மிதித்து நான் பார்க்கவில்லை.

பிரசவம் என்றால் ராஜினாமாக் கடிதம். குழந்தை பிறந்து திரும்பி வந்தால் புதிய ஆள், புதிய ஆள் சம்பளம். 2017இல் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தபோது, எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் நாற்பதாவது நாளே கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்து நின்றவர்கள்தான்.

வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பள்ளிகளுக்கும் பொருந்தும் என்பது 1982லிருந்து உள்ள விதி. ஆனால் இருபது பேர் வேலை பார்த்தால்தான் சட்டம் பிடிக்கும். எங்கள் வருகைப் பதிவேட்டில் பல வருடம் பத்தொன்பது பெயர்கள்தான் இருந்தன. ஆயாக்கள், வாட்ச்மேன், வேன் டிரைவர்கள், பாலர் வகுப்பு மிஸ்கள் யாருக்கும் அதில் பெயர் இல்லை. பெயர் ஏறாமல் பதினெட்டு வருடம் வேலை பார்த்த ஆயா ஒருவர் எங்களிடம் இருந்தார். சின்னப் பிள்ளைகள் வகுப்பில் ஒன்றுக்குப் போய்விட்டால் கழுவி, உடை மாற்றி, தூங்கும் பிள்ளைக்கு விசிறிவிட்டு, நாளெல்லாம் ஓடிக்கொண்டே இருப்பார். ஏட்டின்படி அப்படி ஒருவர் பள்ளியில் இல்லவே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1986இல்தான் உச்ச நீதிமன்றம் பிராங்க் ஆன்டனி பப்ளிக் பள்ளி ஊழியர் சங்க வழக்கில் தீர்ப்புச் சொன்னது. டெல்லியின் 1973ஆம் ஆண்டுப் பள்ளிக் கல்விச் சட்டத்தில் பத்தாவது பிரிவு என்று ஒன்று உண்டு. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியின் சம்பளம் அரசுப் பள்ளிச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது என்பது அதன் சாரம். மானியம் பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அந்த விலக்கு செல்லாது, அவர்களும் கொடுத்தே தீர வேண்டும் என்றது நீதிமன்றம். டெல்லியில் ஒரு கோடு கிழித்தாகிவிட்டது. எங்கள் ஊர்வரை அப்படி ஒரு கோடு வந்து சேரவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1988இல், கோவாவிலிருந்து போன ஓர் ஆசிரியையின் வழக்கில், தொழில் தகராறுச் சட்டப்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்ல என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆலைத் தொழிலாளிக்குத் திறந்த தொழிலாளர் நீதிமன்றக் கதவு டீச்சருக்குத் திறக்காது. உயர்ந்த பணி என்று போற்றி வெளியே நிறுத்திய கதை அது. இன்றும் எனக்கு அதில் வருத்தம்தான்.

சம்பளத்தைப் பற்றி ஆசிரியர் அறையில் வெளிப்படையாகச் சண்டை வந்தது ஒரே ஒரு தடவை. 2007 வாக்கில். வேன் டிரைவருக்குச் சம்பளம் ஏறிவிட்டது. லாரிப் பட்டறைகள் நிறைந்த வட்டாரம். கனரக லைசென்ஸ் வைத்திருக்கும் டிரைவர் இன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனால் நாளைக்கே ஸ்டியரிங் பிடிக்க இன்னொரு வண்டி உண்டு. எல்.கே.ஜி. மிஸ் என்னிடம் வந்தார்.

“டிரைவரண்ணனுக்கு என்னைவிட ஆயிரம் ரூவா அதிகமாமுங்களே சார்?”

“ஆமாங்க மிஸ்.”

“அண்ணனுக்குக் குடுக்க வேணாம்னு சொல்லலைங்க. எனக்கு ஏன் இல்லைன்னுதான் கேக்கறேன்.”

என்னிடம் பதில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. டிரைவர் போய்விடுவார், நீங்கள் போகமாட்டீர்கள். உங்கள் பிள்ளை இங்கேதான் பாதிக் கட்டணத்தில் படிக்கிறான். வீட்டிலிருந்து நடந்து வரும் தூரம். மூன்றரை மணிக்குப் பள்ளி விட்டால் நாலு மணிக்கு மாவு ஆட்டலாம். இத்தனை வசதிக்கும் விலை போட்டுத்தான் உங்கள் சம்பளத்தில் கழித்திருக்கிறார்கள். போகமாட்டார் என்று தெரிந்தவருக்குக் குறைத்துக் கொடுப்பதுதான் தனியார் பள்ளிச் சம்பளத்தின் ஆதி விதி. எழுதி வைக்காத விதி என்பதால் அதை எதிர்த்து யாரும் மனுக் கொடுக்க முடியாது.

2009இல் தமிழ்நாட்டில் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நீதியரசர் கோவிந்தராஜன் தலைமையிலான குழு 2010இல் பள்ளி பள்ளியாகக் கட்டணம் நிர்ணயித்தது. பள்ளியின் செலவைப் பார்த்துத்தான் கட்டணம். செலவில் பெரிய பங்கு சம்பளம். அதுவரை ஆய்வாளர் கண்ணில் படுவதற்காக மட்டும் இருந்த காலிகோ பேரேடு அப்போது பணம் சம்பாதித்துக் கொடுக்கும் ஆவணமாகிவிட்டது. எங்கள் பள்ளி அந்தப் பேரேட்டின் நகலைத்தான் இணைத்து அனுப்பியது. நகல் எடுத்து முத்திரை குத்தியது நான். டீச்சர் வாங்காத சம்பளத்துக்குப் பெற்றோர் கட்டணம் கட்டினார்கள். என் முப்பத்தைந்து வருட வேலையில் நான் செய்த தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

அடுத்த இரண்டு வருடத்தில் மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் ஆறு பேர் ஒரே ஜூனில் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஒரே வருடத்தில் மூன்று இயற்பியல் ஆசிரியர்களைப் பார்த்தார்கள். வைப்பு நிதி அலுவலகத்திலிருந்தும் ஆள் வந்து போனார். பழைய தாளாளர் படுக்கையில் விழ, அவர் மகன் தாளாளரானார். 2012 தை மாதம் என்னைக் கூப்பிட்டு, “ஒரே ரிஜிஸ்தர் போதுங்க சார். அது எப்படி இருக்கணும்னு நீங்களே எழுதிக் கொண்டாங்க” என்றார்.

மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். கணக்கு கடினமானதல்ல, அதைச் செய்யத் துணிவதுதான் கடினம். 620 பிள்ளைகள். சராசரிக் கட்டணம் 14,000. ஆக வருட வருமானம் 86,80,000. அதில் நூற்றுக்கு 55 பங்கைச் சம்பளத்துக்கு ஒதுக்கினால் ஏறக்குறைய 48 லட்சம், அதாவது மாதம் 4 லட்சம். நூறு ரூபாய் சம்பளம் கொடுத்தால் வைப்பு நிதிக்குப் பள்ளியின் பங்கும் பணிக்கொடைக்கு ஒதுக்கும் தொகையும் சேர்ந்து பள்ளிக்கு ஆகும் செலவு சுமார் 117. அதைக் கழித்தால் கையில் கொடுக்க நிற்பது 3,41,000 சொச்சம். ஆட்கள் 42 பேர். ஆயா, டிரைவர், வாட்ச்மேன் எல்லோரையும் முதன்முறையாகப் பெயரெழுதி எண்ணினேன். ஆளுக்குச் சராசரி 8,100 சொச்சம். இதை எப்படிப் பங்கு வைப்பது என்பதுதான் மொத்த வடிவமைப்பும்.

ஒரு முழு வெள்ளைத் தாள். மேலே குறுக்காகப் பணி வகைகள்: பாலர் மற்றும் தொடக்க வகுப்பு, பட்டதாரி, முதுகலை, அலுவலகம், ஓட்டுநர், ஆயாவும் காவலரும். பக்கவாட்டில் கீழிறங்கி வருடங்கள், பூஜ்யத்திலிருந்து முப்பது வரை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தொகை. கட்டத்துக்கு வெளியே யாருக்கும் சம்பளம் இல்லை. ஆண், பெண், சொந்த ஊர், வெளியூர் என்ற பத்திகளே இல்லை. அந்த மூன்று கேள்விகளுக்கும் தாளில் இடம் வைக்கவில்லை.

ஆண்டு உயர்வில்தான் நான் நீண்ட நேரம் சிக்கிக்கொண்டேன். அரசில் வருடம் 3 விழுக்காடு. அதை அப்படியே எடுத்தால் 14,000 வாங்கும் முதுகலை ஆசிரியருக்கு 420 ரூபாய் ஏறும், 4,000 வாங்கும் ஆயாவுக்கு 120. இருவரும் ஒரே கடையில்தான் அரிசி வாங்குகிறார்கள். விழுக்காடு என்ற சொல் பார்வைக்குச் சமமாகத் தெரியும். இருபது வருடம் ஓடவிட்டுப் பார்த்தால் இடைவெளி பள்ளத்தாக்காகிவிடும். ஆகவே 3 விழுக்காடு அல்லது 300 ரூபாய், எது அதிகமோ அது என்று எழுதினேன். அந்த ஒரு வரிக்காக பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது.

இயற்பியல், கணக்கு முதுகலை ஆசிரியர்களுக்குச் சந்தையில் கிராக்கி. அவர்களை நாமக்கல் பக்கம் விடாமல் நிறுத்த வேண்டும். பழைய முறையில் தாளாளர் காதோடு காதாக ஒரு தொகை பேசுவார். அது மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தமிழாசிரியர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். நான் ‘பற்றாக்குறைப் பாடப் படி’ என்று தனிப் பத்தி போட்டு, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு என்று எழுதினேன். தமிழாசிரியருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் போய்விட்டது. அடிப்படைச் சம்பளம் அவருக்கும் இயற்பியல் ஆசிரியருக்கும் ஒன்றுதான் என்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டார் அல்லவா?

பெரிய வாக்குவாதம் மூத்தவர்களைப் பற்றித்தான். “இருபது வருசம் ஆனவரும் அதே பாடந்தானே நடத்துறாரு, எதுக்கு இவ்வளவு?” என்றார் அறக்கட்டளை உறுப்பினர் ஒருவர். பத்து வருட வருகைப் பதிவேடுகளை மேசையில் அடுக்கி, வந்து போன ஆசிரியர்கள் 61 பேர் என்று எண்ணிக் காட்டினேன். விளம்பரச் செலவு, பாதி வருடத்தில் விட்டுப்போன பாடம், வேறு பள்ளிக்கு மாறிய பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கொடுக்காமல் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் வேறு வாசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

2012 ஜூனில் அட்டவணையைச் சட்டம் போட்டு ஆசிரியர் அறையில் மாட்டினோம். காலண்டர் தொங்கிய ஆணியில்தான். முதல் மாதம் சந்தோஷம் இல்லை, கசப்புத்தான் இருந்தது. பதினான்கு வருடம் வேலை பார்த்த எல்.கே.ஜி. மிஸ் பதினான்காம் வரிசையைப் பார்த்தார். தான் வாங்குவது எவ்வளவு என்றும் அவருக்குத் தெரியும். “இத்தனை நாள் எம்பட பணத்தை எடுத்துட்டீங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். எல்லோரையும் அவரவர் கட்டத்துக்கு ஏற்ற மூன்று வருடம் ஆகும் என்று கீழே எழுதியிருந்தது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. என் விரலைப் பிடித்துக் காட்டச் சொன்னார். இந்த வருடம் இது, அடுத்த வருடம் இது என்று காட்டினேன். அவர் விரல் அங்கிருந்து தானாகவே கீழே இறங்கிப் போனது. “அஞ்சு வருசம் கழிச்சு எனக்கு இத்தனைங்களா சார்?” என்றார். பதினெட்டு வருடத்தில் அடுத்த மாதத்துக்கு மேல் அவர் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

கொரோனா வந்தபோது அந்தத் தாளின் அருமை இன்னும் தெரிந்தது. 2020 மார்ச்சில் பள்ளி மூடியது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் முதல் தவணையாக 40 விழுக்காடு கட்டணம் வாங்கிக்கொள்ள அனுமதித்தது. எங்கள் ஊரில் அதையும் பாதிப் பேரால் கட்ட முடியவில்லை. சுற்றியிருந்த பள்ளிகளில் டீச்சர்கள் காய்கறி விற்றார்கள், நூறு நாள் வேலைக்குப் போனார்கள். நாங்கள் அட்டவணையை மேசையில் விரித்தோம். குறைந்த தொகை எழுதிய கட்டங்களுக்கு முழுச் சம்பளம். நடுவில் கால் பங்கு வெட்டு. அதிகத் தொகைக்குப் பாதி. என் சம்பளமும் பாதிதான். யாரிடம் எவ்வளவு பிடிப்பது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை. யாரும் வேலையை விட்டுப் போகவும் இல்லை.

மறு வருடம் நான் ஓய்வு பெற்றேன்.

இப்போது சின்னப் பள்ளிகள் சில கூப்பிட்டால் போய்ச் சம்பள அட்டவணை எழுதிக் கொடுக்கிறேன். நான் விட்டுவந்த பள்ளியில் மென்பொருள் வந்துவிட்டது. ஒன்றாம் தேதி காலை சம்பளம் வங்கிக்குப் போகிறது, சம்பளச் சீட்டு செல்போனுக்கு வருகிறது, திறக்கக் கடவுச்சொல். ஆணியில் மாட்டிய அட்டவணையைக் கழற்றிவிட்டார்கள். பணி நியமனக் கடிதத்தில் ஒரு புதிய நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது: தன் சம்பள விவரத்தை ஊழியர் பிறரிடம் பகிரக் கூடாது. அன்றைக்கு அலமாரிச் சாவியில் இருந்த ரகசியம் இன்றைக்கு ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் இருக்கிறது.

போன வருடம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பி.எட். முடித்து வேறொரு பள்ளியில் சேர்ந்தவள், கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள்.

“பதினஞ்சாயிரம்னு போட்டிருக்குங்க மாமா. பத்தாயிரத்து எண்ணூறுதான் வந்துது. யாரைக் கேக்கறதுன்னு தெரியலைங்க.”

உட்கார்ந்து பிரித்தோம். 15,000 என்பது அவளுக்காகப் பள்ளி செய்யும் மொத்தச் செலவு. வைப்பு நிதியில் பள்ளியின் பங்கு, பணிக்கொடைக்கு ஒதுக்கும் தொகை, ஈ.எஸ்.ஐ.யில் பள்ளியின் பங்கு எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அதைக் கழித்தால் உண்மையான சம்பளம் 12,400க்குப் பக்கம். அதில் அவள் பங்கு வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் போனால் 10,800. கணக்கில் ஒரு பைசா தவறில்லை. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் நியமனத்தன்று யாரும் அவளுக்கு இதைச் சொல்லவில்லை. அதே பட்டம், அதே பி.எட். வைத்துத் தேர்வெழுதி அரசுப் பள்ளியில் சேர்ந்த அவள் தோழிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 36,400.

சம்பளத்தைத் துண்டு துண்டாக நறுக்கும் வித்தையும் இப்போது நன்றாகத் தேறியிருக்கிறது. அடிப்படைச் சம்பளம் மூவாயிரம், மீதியெல்லாம் சிறப்புப் படி என்று போட்டால் வைப்பு நிதி குறையும். மேற்கு வங்கத்துப் பள்ளி ஒன்றின் வழக்கையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் படியை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்துத்தான் வைப்பு நிதி கணக்கிட வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. இன்றும் என்னிடம் வரும் தாளாளர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்த மீதிப் பேர் வேறு வழி இருக்கிறதா என்று என்னையே கேட்கிறார்கள். தேர்ச்சி விழுக்காட்டை வைத்துச் சம்பளம் போடலாமா என்றும் கேட்கிறார்கள். எல்.கே.ஜி. மிஸ்ஸுக்கு எந்தத் தேர்ச்சி? அழுதுகொண்டே வந்த குழந்தை சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கணக்கு டீச்சர் 2013இல் ஓய்வு பெற்றார். பள்ளியில் 24 வருடம். கடைசிச் சம்பளம் 11,700. அட்டவணை வந்ததால் ஏறிய தொகை அது. பணிக்கொடை அவருக்குக் கிடைக்கவில்லை. பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் ஆசிரியர் ‘ஊழியர்’ ஆக மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சொன்னது. நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களுக்கும் உண்டு என்றது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. வழக்கு முடியட்டும் என்று எங்கள் அறக்கட்டளையும் கையைக் கட்டிக்கொண்டது. 2022 ஆகஸ்ட்டில் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

டீச்சர் மனுக் கொடுத்தார். அறக்கட்டளைக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். “வருசா வருசம் ஏப்ரல்ல விடுவிச்சு ஜூன்ல சேத்திருக்கோம். தொடர்ச்சியான பணி எங்க இருக்குது?” என்று ஒருவர் கேட்டார். நான் எழுந்து பழைய அலமாரிக்குப் போனேன். காலிகோ பேரேடுகள் அடித்தட்டில் இருந்தன. 1990 மே, 1991 மே, 1992 மே என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினேன். ஒவ்வொரு மே மாதமும் அவர் பெயர், ரெவின்யூ ஸ்டாம்ப், குறுக்காகக் கையெழுத்து. பள்ளியே எழுதி, பள்ளியே அரசுக்குக் காட்டிய ஏடு. பன்னிரண்டு மாதமும் அவர் வேலையில் இருந்தார் என்று அதுவே சொன்னது. அதற்குமேல் அந்த அறையில் யாரும் பேசவில்லை.

மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீச்சரே கணக்குப் போட்டார். 450, 6,750, 1,62,000. விடையின் கீழே இரட்டைக் கோடு. தாமதத்துக்கான வட்டியையும் சேர்த்து அந்த வருடக் கடைசியில் காசோலை வந்தது. அவருக்கு அப்போது அறுபத்தேழு வயது.

இதைப் படிப்பவர்களில் தனியார் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோர் நிறையப் பேர் இருப்பீர்கள். அரசு நிர்ணயித்த கட்டணத்தைப் பள்ளியில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க உங்களுக்குப் பழகிவிட்டது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போகும்போது இன்னொன்றும் கேளுங்கள்: உங்கள் பிள்ளையின் மிஸ்ஸுக்கு இந்தப் பள்ளியில் சம்பள அட்டவணை என்று ஒன்று உண்டா, அது எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது? மிஸ்ஸால் அதைக் கேட்க முடியாது. நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.